பெருங்குருகுக்கு இரண்டாம் சாட்சி

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டுக்குள் கிடைத்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்தபோது, மேலே கதவை நெம்பித் திறந்த மெக்கானிக், "பயப்படாதீங்க, ஒரு பார்ட் வரணும். அதுவரைக்கும் பேச்சுத் துணைக்கு நான் இருக்கேன்" என்றார். அவர் கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. "இது எதுக்கு?" என்று கேட்டு ஆரம்பித்து வைத்ததுதான் என் பங்கு. மீதியை அவர் பார்த்துக்கொண்டார்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

இளவேனிற் காலைச் சூரியன் நீர்த்தேக்கத்தின் மேல் பொன்னை உருக்கி—

(அடித்தாயிற்று. மெக்கானிக் பொன்னைப் பற்றிப் பேசவே இல்லை. சேற்றைப் பற்றித்தான் பேசினார்.)

சகலைகள் இருவரும் ஒரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

இது தேவலை. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

மெக்கானிக்கின் மனைவியும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவியும் கூடப்பிறந்தவர்கள். புருஷன்மார் இருவருக்கும் பறவைப் பைத்தியம். ஞாயிறு விடிந்தால் நீர்த்தேக்கத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில்தான் கிடப்பார்கள். இரண்டு வசந்தங்களுக்கு முன், எதிர்க்கரை மரத்தில் வெள்ளையாக ஏதோ அபூர்வப் பறவை உட்கார்ந்திருப்பதாக மெக்கானிக் தங்கள் பறவை பார்க்கும் குழுவுக்குச் சேதி அனுப்பினார். குழுவே அடித்துப் பிடித்துக்கொண்டு கரையைச் சுற்றி ஓடியது. கிளையில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது மளிகைக் கடைப் பிளாஸ்டிக் பை ஒன்று.

எல்லோரும் சிரித்தார்கள், மறந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் மறக்கவில்லை. குடும்பம் ஒன்றாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "என்ன தம்பி, இந்த வாரம் மளிகைக் கடைப் பறவை ஏதாச்சும் வந்துச்சா?" என்பார். மெக்கானிக்கும் சிரித்து மழுப்புவார். ஒருநாள் மெக்கானிக்கின் மகளும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டாள். அன்றைக்குத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தவர்தான். அதன்பிறகு எது சொல்வதானாலும் அக்கா தங்கை வழியாகத்தான்.

3

கண்ணாடிக் கடைக்காரரை வில்லனாக்கிவிடலாம் என்று பார்த்தேன். மீசை கூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மெக்கானிக்கின் கழுத்தில் தொங்கிய பைனாகுலரே அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

"கோவத்துல கூட அதைக் கழட்டலையா?" என்று கேட்டேன்.

"கோவம் மனுஷன் மேலதானே? லென்ஸ் மேலயா?"

(இந்த வசனம் என்னுடையது இல்லை. என்னுடையதாக இருந்திருந்தால் இதற்குள் நாலு பேரிடம் சொல்லிப் பெருமை அடித்திருப்பேன்.)

4

சம்பவம் நடந்தது இந்த வசந்தத்தில். முக்குளிப்பான்கள் ஜோடி ஜோடியாக மூழ்கி எழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பறவை பார்ப்பதற்கென்றே கரையில் கட்டியிருந்த, மெக்கானிக் ஓடி நுழைந்த மரக்குடிலுக்குள் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். யார் என்று சொல்லத் தேவையில்லை.

உட்கார ஒரே ஒரு பலகை. வெளியே பார்க்க, கண் மட்டத்தில் நீளமாக ஒரு திறப்பு. இருவரும் பலகையின் இரு முனைகளில், நடுவில் ஒரு ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, விறைப்பாக வெளியே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் நிமிர்ந்தார். இருமினார். மறுபடி இருமினார். பிறகு ஃபிளாஸ்க்கைப் பார்த்து, "அந்த நாணலுக்குள்ள பெருங்குருகு நிக்குது" என்றார்.

மெக்கானிக்கின் கை தானாகப் பைனாகுலருக்குப் போனது. நாணலின் நிறத்திலேயே, அலகை வானத்துக்குத் தூக்கி நாணலாகவே நின்றுவிடும் பறவை. அந்தக் குழுவில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. அபூர்வப் பறவை என்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும் என்பது குழுவின் சட்டம். (பிளாஸ்டிக் பைக்குப் பிறகு வந்த சட்டம்.)

ஆனாலும் அவர் தன் பைனாகுலரிடம், "ஃபிளாஸ்க் ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டா நல்லது" என்றார்.

கடைக்காரர் அதை விழுங்கிக்கொண்டார். குரல் இறங்கியது.

"தம்பி, விளையாடாத. சாஞ்சு கிடக்கிற நாணலுக்கு இடது பக்கம். என் கண்ணு மட்டும் பார்த்தா யாரு நம்புவாங்க? வந்து பாருப்பா."

ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த 'தம்பி'. மெக்கானிக் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். பார்த்தார். நாணல். அதற்குப் பின்னால் நாணல். மழையில் கோடு கோடாய் நாணல்.

5

அப்போதுதான் குழுத் தலைவி உள்ளே வந்தார். பேருந்து ஓட்டுநர். ஐம்பது பேரை ஒரே அதட்டலில் உட்கார வைப்பவர்.

"என்ன ரெண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருக்கீங்க? உலகம் அழியப் போகுதா?"

"பெருங்குருகு" என்றார் கடைக்காரர்.

தலைவி எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். மெக்கானிக் பக்கம் திரும்பி, "நீங்க பார்த்தீங்களா?" என்றார்.

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்தேன். ஒரு வருடத்துக் கோபத்துக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. முதலில் இப்படி எழுதினேன்: "மளிகைக் கடைப் பறவையா இருக்கும் மேடம்" என்றார் மெக்கானிக். படித்துக் காட்டினேன். என் வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த வரிக்குப் பிறகு கடைக்காரரின் முகம் எப்படி இருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நடந்தது இதுதான். மெக்கானிக் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். ஊருக்கே கண்ணாடி மாட்டுகிற மனிதர், பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தேன்" என்றார் மெக்கானிக். "அண்ணன் காட்டினாரு."

6

மழை விட்டதும் இருவரும் ஒரே காரில் வீட்டுக்குப் போனார்கள். நாள் பூராவும் வாய் மூடவில்லை. "இதுக்குப் பேசாம இருந்தப்பவே நிம்மதியா இருந்துச்சு" என்று அக்காவும் தங்கையும் அலுத்துக்கொண்டார்களாம்.

வேலை நாளெல்லாம் எதிரே உட்காருகிறவர்களிடம் "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்டே பிழைக்கிற கடைக்காரர், காரில் ஏறியதிலிருந்து இன்றுவரை மெக்கானிக்கிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவரே கேட்காததை லிஃப்டுக்குள் நின்றுகொண்டு நான் எப்படிக் கேட்பேன்?

உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை குடிலுக்குப் போங்கள். பலகையில் இருவரும் இருப்பார்கள், நகர்ந்து இடம் கொடுப்பார்கள். கேட்பதானால் மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பதில் என்னவானாலும் என்னிடம் சொல்ல வேண்டாம். கடைக்காரரிடம் சொல்லவே வேண்டாம்.