தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்து விலாசம்

கேட்டுக்கு வெளியே யாரோ கை தட்டிக் கூப்பிட்டார்கள். மர்லூசி சன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள், முகம் வெளுத்துப்போனது.

"அய்யோ அக்கா, ரொசில்டா! கிளினிக்லேருந்து வந்திருக்கா. நீ பின்பக்கம் ஓடு!"

ஜசிரா அசையவில்லை. மடியில் பாதி உரித்த காராமணிக் காய் அப்படியே கிடந்தது.

பிரேசிலில், பரைபா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரை ரயில் தண்டவாளம் இரண்டாகப் பிளக்கிறது. ஜசிராவின் வீடு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அரசாங்கம் ஒதுக்கியது பழைய ஆஸ்பத்திரி. கருக்கலிலேயே போய் டோக்கனுக்கு நிற்க வேண்டும். அங்கே பல் டாக்டர் என்று ஒரு மகானுபாவர். "எந்தப் பல்?" என்பார், பிடுங்குவார், "அடுத்தது" என்பார். மிச்ச வாயையும் பார்த்துவிட்டால் அவர் சொத்து கரைந்துவிடும் போல. நாக்கோரத்தில் ஒரு வெள்ளைப் புண் ஆறவே மாட்டேன் என்கிறது என்று ஜசிரா சொன்னதற்கு, "பல்லு உரசுது" என்று ஒரு பல்லைப் பிடுங்கினார். பல் போனது, புண் போகவில்லை.

தங்கை மர்லூசி இருக்கும் பக்கத்துக்குக் குடும்ப கிளினிக். அங்கே வீடு வீடாகப் பதிந்து வைத்து, மாதாமாதம் சுகாதார ஊழியர் ரொசில்டா வந்து நலம் விசாரித்துவிட்டுப் போவாள். ஆனால் அந்த வட்டாரத்தாருக்கு மட்டும்தான் வைத்தியம். ஜசிரா தங்கை வீட்டு விலாசத்தைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். ஊரில் பாதிப் பேர் செய்கிற தில்லுமுல்லுதான்.

அங்கே ஒரு சின்ன வயசுப் பல் டாக்டரம்மா. ஜசிராவைச் சாய்த்துப் படுக்கவைத்து, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, ஒரு பல்லையும் தொடாமல் அந்தப் புண்ணையே வெகுநேரம் பார்த்தாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினாள்.

"நல்லபடியா இருந்தா நீங்க அடுத்த தடவை வரும்போது சொல்றேன்மா. இல்லேன்னா நாங்களே ஆள் அனுப்புவோம்."

அன்றிலிருந்து ஜசிராவுக்குச் சோறு இறங்கவில்லை. எந்த வாசலில் கை தட்டினாலும் கைவேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

"போன வாரந்தானே வந்துட்டுப் போனா? இப்ப எதுக்கு வர்றா?" என்றாள்.

"எதுக்கா? பொய் விலாசம் குடுத்தியே, அதுக்குத்தான்! யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. உன்னால என் கிளினிக் கார்டையும் சேர்த்துக் கிழிக்கப் போறா, பாரு."

ஜசிரா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், பொய்க்காகத்தான். கடவுளே, பொய்க்காகவே இருக்கட்டும். திட்டட்டும். தெருவே வேடிக்கை பார்க்கட்டும். பிடிபட இப்படித் துடித்த கள்ளி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

காராமணி தரையில் சிதற எழுந்து, அவளே போய்க் கேட்டைத் திறந்தாள்.

"ரொசில்டா, நான் இந்த வீட்டுக்காரி இல்ல. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பொய் சொல்லிட்டேன். என் பேரை அடிச்சுடு. என்ன வேணா பண்ணு."

ரொசில்டா வழக்கமாக வாசலிலேயே வம்பளந்துகொண்டு நுழைகிறவள். இன்று பேசாமல் உள்ளே வந்தாள். மர்லூசி பயத்தில் அவசர அவசரமாகக் காப்பியை நீட்டினாள். எந்த வீட்டிலும் காப்பி குடிக்காமல் நகராத ரொசில்டா, "இப்ப வேண்டாம்" என்றாள்.

பிறகு ஜசிராவைப் பார்த்தாள். "அது மொத நாளே தெரியும்க்கா. இந்தத் தெருவுல எந்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதா? டாக்டரம்மாவுக்கும் தெரியும். இப்ப அதை யாரு கேட்டா?"

"அப்பாடா!" மர்லூசி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தேவிட்டாள்.

ஜசிரா சிரிக்கவில்லை. ரொசில்டாவின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"கேளு ரொசில்டா," என்று கெஞ்சினாள். "அதைப் பத்தியே கேளும்மா."

ரொசில்டா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"செருப்பை மாட்டிக்கிட்டு வாங்கக்கா. டாக்டரம்மா வண்டியோட காத்துக்கிட்டு இருக்காங்க."