இரண்டாம் பாகத்து டீக்கடை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் முடிக்கத் தெரியவில்லை என்பது ஸ்தனிஸ்லாஸின் கட்சி. போனை வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் பேசுகிறார்கள். ரோட்டைத் தோண்டினால் மூடுவதில்லை. பூசை முடிந்த பிறகும் கோயில் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இப்போது சினிமாக்காரனும் சேர்ந்துகொண்டான். முடிந்துபோன படத்துக்கு இரண்டாம் பாகமாம்.

"முத தடவையே ஒழுங்கா முடிச்சிருந்தா ரெண்டாவது எதுக்கு? மீந்த சோத்துல தண்ணி ஊத்தி மறுநாள் விக்கிறான்" என்றார் மகள் அமலராணியிடம்.

"பழைய சோறு உங்களுக்குப் புடிக்குமேப்பா."

"அது நம்ம வீட்டுச் சோறு."

அஞ்சாம் வகுப்போடு நின்றவர். பொன்மலை ரயில்வே பட்டறையில் எடுபிடி வேலை செய்யும் கலாசியாகச் சேர்ந்து, இரும்போடு இரும்பாக உழைத்து ஓய்வு பெற்றவர். அச்சில் வருவதையும் திரையில் வருவதையும் அவர் ஒரே அளவுக்குத்தான் நம்புவார், அதாவது நம்பவே மாட்டார்.

அந்தப் படத்தின் மீது அவருக்குத் தனிக் கோபமும் உண்டு. முதல் பாகம் வந்தபோது குடும்பத்தோடு போயிருந்தார்கள். தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளை அப்பன் வாசலோடு துரத்துகிறான், கதவைச் சாத்துகிறான், இடைவேளை. விளக்கு எரிந்ததும் தங்கை அல்போன்சாவின் புருஷன் ரெஜிஸ், வாயில் சமோசாவை வைத்துக்கொண்டே, முன்வரிசை பின்வரிசைக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்: "இந்த அப்பன் நம்ம மச்சானேதான். அச்சு அசல்!" பஸ் கண்டக்டராக இருந்த வாய், மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் எழுந்தார், நேரே சத்திரம் பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டார்.

எட்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு தங்கை மாப்பிள்ளை ரெஜிஸோடு பேச்சு இல்லை. வருஷா வருஷம் அம்மாவின் நினைவுப் பூசைக்கு எல்லாரும் மாதா கோயிலில் கூடுவார்கள். பூசை நடுவே, பக்கத்தில் இருப்பவரைக் கும்பிட்டு ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொல்வார் சாமியார். ரெஜிஸ் இவர் பக்கம் திரும்புவார். இவர் பக்கத்துத் தூணைப் பார்த்துக் கும்பிட்டுத் தூணுக்குச் சமாதானம் கொடுப்பார். பண்டிகைக்குப் பண்டிகை டிவியில் அந்தப் படத்தைப் போடும்போதெல்லாம் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார். "கடைசில அப்பன் பொண்ணு கால்ல விழுவான். வேற என்ன எடுக்கத் தெரியும் இவனுங்களுக்கு?" என்று பார்க்காத பின்பாதிக்குத் தீர்ப்பும் சொல்லி வைத்திருந்தார்.

மாப்பிள்ளையோடு பேச்சில்லை என்றால் தங்கை வீட்டுப் படியேற முடியாது. ஆனால் சனிக்கிழமை தோறும் மஞ்சப் பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறுவார். வாழைப்பழம் வாங்க. பொன்மலையில் விற்பதெல்லாம் மருந்து வைத்துப் பழுக்க வைத்ததாம். பழம் வாங்கிய கையோடு, அல்போன்சாவின் தெருமுனையில் இருக்கும் குத்புதீன் பாய் கடையில் ஒரு டீ குடிப்பார். அங்கிருந்து பார்த்தால் தங்கையின் வாசல் தெரியும். அநேகமாக அந்த நேரத்துக்கு அவள் வெளியே வந்து வாசல் கூட்டுவாள். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். பழம் வாங்குகிறவன் டீ குடிக்கக் கூடாதா என்ன?

போன வாரம் அல்போன்சா போன் செய்தாள். மகன் வேலை செய்யும் ஓசூருக்கே வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறார்களாம். திங்கட்கிழமை லாரி வருகிறது.

"போறதுக்கு முன்னால ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிருங்கண்ணே. இப்படியே விட்டுட்டுப் போனா அங்க போயி நான் எப்படிண்ணே நிம்மதியா இருப்பேன்?"

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல."

"சரி, பேச வேணாம். எல்லாருமா ஒரு படம் பார்ப்போம். அதுக்காச்சும் வாங்க."

ஓசூருக்கு வாழைப்பழம் வாங்கப் போக முடியாது. அது அவருக்கும் தெரிந்தது. அதற்கு மேல் யோசிக்காமல் சரி என்றுவிட்டார். என்ன படம் என்று கேட்காதது தப்பாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி, அந்த இரண்டாம் பாகமேதான். "எனக்கு ஓரத்து சீட்டுதான் வேணும்" என்றார் அமலராணியிடம். எழுந்து போக வசதி. உட்கார்ந்து விளக்கு அணைந்த பிறகு பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். இருமலிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. மகளை எட்டிப் பார்த்து முறைத்தார்.

"மாமாவுக்கு சுகர்ப்பா. அடிக்கடி வெளிய போகணும். அவரும் ஓரமாத்தான் கேட்டாரு. நான் என்ன பண்றது?"

ஸ்தனிஸ்லாஸ் உடம்பைத் திருப்பி நடைபாதையைப் பார்த்து உட்கார்ந்தார்.

கழுத்து எவ்வளவு நேரம் தாங்கும்? கொஞ்ச நேரத்தில் திரைக்குத் திரும்பிவிட்டது. அதே வீடு. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. அதே அப்பன், நிஜமாகவே கிழடு தட்டியிருந்தான். மகளாக நடித்தவளுக்குக் காதோரம் நரை. பூச்சு வேலை இல்லை, அத்தனை பேருக்கும் எட்டு வருஷம் போயிருந்தது. படக்காரன் கெட்டிக்காரன்தான், காலத்தைக் காசு கொடுக்காமல் வாங்கியிருக்கிறான் என்று நினைத்தார்.

திரையில் அந்த அப்பன் ஒரு தெருவில் நடந்து வந்தான். டீக்கடை. கடைக்காரன் எதுவும் கேட்காமல் ஒரு கிளாஸை எடுத்து மேஜையின் ஓரமாக, தெருவைப் பார்த்தபடி வைத்தான். அவ்வளவுதான். தியேட்டரே கைதட்டியது. பின்னால் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அல்போன்சாவும் அமலராணியும் முந்தானையைத் தேடினார்கள். இத்தனை ஜனத்துக்கும் தெரிந்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லை. ஸ்தனிஸ்லாஸுக்குப் பொறுக்கவில்லை.

"யாருய்யா இவன்?" என்றார், பக்கத்தில் இருப்பது யார் என்பதை மறந்து.

ரெஜிஸ் இவர் பக்கம் சாய்ந்தார். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "முத பாகத்துல, பின்பாதில வருவான் மச்சான். பொண்ணத் தொரத்திட்டாரில்ல, அப்புறம் வாரா வாரம் வந்து அவ வீட்டுக்கு எதுத்தாப்புல டீ குடிப்பாரு. உள்ள போமாட்டாரு. தூர இருந்து பாத்துட்டுப் போயிருவாரு. அது இந்த டீக்கடைக்காரனுக்கு மட்டுந்தான் தெரியும்."

ஸ்தனிஸ்லாஸுக்கு முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்டதுபோல் இருந்தது.

"கால்ல விழலியா?"

"எங்க விழுந்தாரு? கடைசி வரைக்கும் டீதான்."

இடைவேளை வந்தது. அவர் எழுந்தார். மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். விறுவிறுவென்று வெளியே போனார்.

கேன்டீனில் சர்க்கரை போடாத டீ கேட்டார். மெஷினில் கலந்துதான் வரும் என்றார்கள். "சக்கரையப் பிரிக்கத் தெரியாத மெஷின் என்ன மெஷின்?" என்று சண்டை போட்டுவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு கடையில் வாங்கிவந்தார். வாசலில் காவலாள் மறித்தான்.

"வெளி டீ உள்ள கொண்டு போகக் கூடாதுங்க ஐயா."

"சுகர் ஆளுக்குய்யா."

"ரூல்ஸுங்க."

உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. படம் தொடங்கிவிட்டது. அந்த அப்பன் இந்தப் பாகத்திலாவது படியேறினானா இல்லையா? ஸ்தனிஸ்லாஸ் டீயைப் பார்த்தார், காவலாளைப் பார்த்தார். டீயைச் சாக்கடையில் கொட்டிவிட்டு உள்ளே ஓடினார்.

"போயிட்டீங்கன்னு நெனச்சேன் மச்சான்" என்றார் ரெஜிஸ்.

"டீ வாங்கப் போனேன். உனக்கு."

"எங்க டீ?"

"வாசல்ல கொட்டிட்டேன். பேசாம படத்தப் பாரு."

அப்பன் படியேறினான். பெரிய வசனம் ஒன்றும் இல்லை. மகள் தண்ணீர் கொடுத்தாள், குடித்தான். ஏ.சி. கண்ணில் அடிக்கிறது என்று ஸ்தனிஸ்லாஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வெயிலில் நின்றபோது ரெஜிஸிடம் கேட்டார்: "அப்ப அன்னைக்கு என்னை அந்த அப்பன்னு சொன்னியே, நல்ல விதமாத்தான் சொன்னியா?"

"திட்டத்தான் சொன்னேன். பின்பாதி நானும் பாக்கலியே அப்ப! முடிஞ்சப்பறம்தான், அடடா, நல்ல மனுசன்கூட இல்ல சேத்துப் பேசிட்டோம்னு இருந்துச்சு."

"அத வந்து சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் தூணுக்குக் கும்பிடு போட்டுக்கிட்டிருந்தீங்களே." ரெஜிஸ் சிரித்தார். "ஆனா சும்மா சொல்லக் கூடாது மச்சான், நான் சொன்னது பலிச்சிருச்சு. குத்புதீன் பாய் எல்லாம் சொல்லிட்டாரு. இவளும் சனிக்கிழமையானா கூட்டின வாசலையே மறுபடி கூட்டுவா."

அல்போன்சா பஸ் போகும் திசையைப் பார்த்தாள்.

ஸ்தனிஸ்லாஸ் முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். கண்கள் மெல்லச் சுருங்கின.

"அப்ப அந்த பாய்தான் படக்காரன்கிட்டயும் சொல்லிருக்கான்."

"ஐயோ அப்பா!" என்று அமலராணி தலையில் கைவைத்தாள். "முத பாகம் வந்தது முன்னாடி. நீங்க டீ குடிக்கப் போனது பின்னாடி."

"உனக்குத் தெரியாது. எங்கேயோ எவனோ சொல்லாம எடுக்க முடியாது." மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "பீரோவ லாரிக்காரனுங்கள நம்பித் தூக்க விடாத. கால ஒடச்சிருவானுங்க. காலைல நான் வரேன்."

"வாங்க மச்சான். மூணாம் பாகம் எடுத்தா ஓசூர்லேருந்து வந்துர்றோம், சேந்து பாப்போம்."

"மூணாவதா? அதான் படியேறிட்டான்ல, அப்புறம் என்ன இருக்கு எடுக்க? ஏமாத்துக்காரப் பயலுக."

ஆட்டோ வேண்டாம் என்று கையை உதறிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார். நாளைக்கு ஸ்ரீரங்கம் போனதும் முதல் வேலையாகக் குத்புதீனை ஒரு பிடி பிடிக்க வேண்டும், எந்தப் படக்காரன் வந்து கேட்டான் என்று.