கையை இழுத்துக்காதே

மேவிஸ் எறிந்த எலுமிச்சம்பழம் என் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்து, அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலின் மேல் வைத்தேன்.

"அரே விசாலம், கையை இழுத்துக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? நீ கேட்ச் சொல்லித்தரப்போற டீச்சர்."

டீச்சர் ஆனால்தானே. வடக்கே கட்கியில் எங்கள் பாக்டரி குவார்ட்டர்ஸுக்குப் பின் வரிசையில் மேவிஸ் வீடு. அவள் வேலை பார்த்த பள்ளியில் மத்தியான ஷிப்டுக்கு ஒன்றாம் வகுப்பு டீச்சர் தேவைப்பட்டது. 1979 ஜூன் மாதம். ஹெட்மாஸ்டர் நார்மன் சார் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். கேட்ச், கிராப், ஸ்னாட்ச், ஸீஸ், ஹோல்ட் என்று ஐந்து சொற்கள். புத்தகம் கூடாது, கரும்பலகையில் அர்த்தம் எழுதக்கூடாது, செய்து காட்டியே புரியவைக்க வேண்டும். அது அவர் முறை.

பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டுப் பன்னிரண்டு வருஷமாகக் கட்கியில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். ஆர்டினன்ஸ் பாக்டரி கிருஷ்ணஸ்வாமி ஆத்துக்காரி என்பதுதான் என் பெயர். மத்தியானமானால் தலைவாரிக்கொண்டு கிளம்பிப் போக எனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன்.

சொற்களெல்லாம் அத்துப்படி. பறந்து வருவதைப் பிடித்தால் கேட்ச். லோனாவாலா லோக்கல் ரயிலில் ஜன்னல் வழியாகக் கர்சீப்பைப் போட்டு சீட்டை வளைத்தால் கிராப். அடுத்தவர் கையிலிருந்து பிடுங்கினால் ஸ்னாட்ச். தகராறு என் கைகளோடுதான். நான் பிறந்த வீடும் புகுந்த வீடும் மடி, ஆசாரம் என்று ஊறியவை. ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கும் பழக்கமே கிடையாது. கொடுப்பவர் கீழே வைப்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். எது எதிரே வந்தாலும் என் கைகள் என்னைக் கேட்காமலே மார்போடு ஒட்டிக்கொள்ளும்.

"எலுமிச்சம்பழத்துக்குமா மடி பார்க்கறே?" என்று மேவிஸ் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். "உனக்குப் பந்து வராதுடி. நீ ஒழுங்காப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு, நான்தான். நல்ல புளியங்கொம்பு" என்றார்.

"அதைப் பிடிச்சுக் கொடுத்தது எங்கப்பா. நலங்குல தேங்காய் உருட்டினபோதே கோட்டை விட்டவர்தானே நீங்க?" என்றேன். மோரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

வகுப்பு நாளன்று பையில் ஒரு தேங்காயைப் போட்டுக்கொண்டு போனேன். வேலை கிடைத்தால் திரும்பும் வழியில் பிள்ளையாருக்கு உடைப்பதாக வேண்டுதல்.

நார்மன் சார் கடைசி பெஞ்சில் டையும் கண்ணாடியுமாக உட்கார்ந்தார். மேவிஸ் வாசற்படியில் நின்றாள். முன் வரிசையிலிருந்த ஜமீலாவிடம் ரப்பர் பந்தைக் கொடுத்து என்னை நோக்கி எறியச் சொன்னேன். குழந்தை மெதுவாகத்தான் எறிந்தாள். என் கைகள் பின்வாங்கின, பந்து மேஜைக்கடியில் போய்விட்டது. மறுபடி எறிந்தாள், மறுபடியும் விட்டேன். "டீச்சர் கோ நஹீ ஆதா", டீச்சருக்கே வரலை என்று ஜம்பு என்கிற வாண்டு அறிவித்தான். வகுப்பே சிரித்தது. நார்மன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போயிற்று வேலை என்று நினைத்தேன்.

வியர்வையைத் துடைக்கக் கர்சீப் எடுக்கப் பையில் கைவிட்டேன். தேங்காய் தட்டுப்பட்டது.

இந்தக் கைகள் ஒருநாள் பின்வாங்கவில்லையே. கல்யாண நலங்கில், அத்தனை பேர் பார்க்க, பாயில் உட்கார்ந்து இவர் உருட்டிவிட்ட தேங்காயை ஒவ்வொரு தடவையும் பிடித்தேனே. புடவையைச் சரிசெய்துகொண்டு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். குழந்தைகளை எதிரும் புதிருமாக இரண்டு வரிசை உட்காரவைத்து, தேங்காயை உருட்டிவிட்டேன்.

ஜமீலா இரண்டு கையாலும் நிறுத்தினாள். "கேட்ச்" என்றேன். அவள் திருப்பி உருட்டியதை எனக்கு வருமுன் ஜம்பு தாவி அமுக்கினான். "கிராப்." பக்கத்துப் பையன் அவன் கையிலிருந்து பிடுங்கினான். "ஸ்னாட்ச்." எதிர் வரிசை முழுக்க எழுந்து ஓடிவந்து தேங்காயை மடக்கிப் பிடித்துத் தங்கள் பக்கம் கொண்டுபோய்விட்டது. "ஸீஸ்." கடைசியில் ஜமீலா அதை மீட்டு மடியில் வைத்து, யார் இழுத்தும் விடாமல் இறுக்கிக்கொண்டாள். "ஹோல்ட்" என்று நான் சொல்லுமுன் குழந்தைகளே கத்தின. கூச்சல் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஜன்னலில் தொங்கியது.

அடுத்த உருட்டலில் தேங்காய் நார்மன் சார் ஷூவில் போய் முட்டியது. அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பேன்ட்டை முழங்காலருகே சற்று இழுத்துவிட்டுக்கொண்டு அவரும் தரையில் உட்கார்ந்து, என் பக்கம் உருட்டினார். அவருக்கு நலங்குப் பழக்கம் ஏது? வேகம் அதிகமாகிவிட்டது. தரைக்கல்லின் விளிம்பில் இடித்துத் தேங்காய் எழும்பி நேரே என் முகத்துக்கு வந்தது.

"விசாலம், கையை..." என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

கைகள் முன்னால் போயின. தேங்காய் உள்ளங்கைகளில் வந்து விழுந்தது, கை வலித்தது. "கேட்ச்" என்று வகுப்பு அலறியது. அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"மண்டே வந்துடுங்க, மிஸஸ் விசாலாக்ஷி. தேங்காய் தினமும் வேணாம்" என்று நார்மன் சார் ஒரு சாக்பீஸை நீட்டினார். மேஜையில் வைப்பார் என்று நான் காத்திருக்கவில்லை. அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் மேவிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயில் ஒரு மூடி அவளுக்குப் போயிற்று.

சாயங்காலம் இவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"ஏன்னா, திங்கக்கிழமைலேர்ந்து நீங்கதான் முதல்ல ஆத்துக்கு வருவேள். கதவைத் திறந்து பாலைக் காய்ச்சி வைக்கணும்" என்று சொல்லி, இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து அவரை நோக்கி வீசினேன்.

அவரும் அதே வழக்கத்தில் வளர்ந்தவர்தானே. கைகள் பின்னால் போகத் தொடங்கின. பிறகு என்ன தோன்றியதோ, சாப்பாட்டு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்து, சாவியை மார்போடு சேர்த்து அமுக்கிக்கொண்டார். முகமெல்லாம் கல்யாண மாப்பிள்ளை களை.

"இதுக்கு உங்க இங்கிலீஷ்ல என்ன டீச்சர்?" என்றார்.

"கேட்ச்" என்றேன். "தொலைக்காம வெச்சுக்கோங்கோ. அதுக்குப் பேரு ஹோல்ட்."