சமதரையில் நின்ற லாரி

டக்ளஸின் சவப்பெட்டியைச் சுமக்க வேண்டிய லாரி, சர்ச் வாசலுக்குச் சற்றுக் கீழே, இறக்கத்தில் மூக்கை வைத்தபடி அடம்பிடித்து நின்றது. தனசிங் மறுபடியும் சாவியைத் திருப்பினார். செல்ஃப் மோட்டார் முனகியது. இன்ஜின் ஒரு தரம் செருமியது. அவ்வளவுதான், அடங்கிவிட்டது.

போயும் போயும் இன்றைக்கா இந்த வண்டி மானத்தை வாங்க வேண்டும்? உள்ளே ஆராதனை முடியப்போகிறது. ஓவேலிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் பாதி சனம் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறது. மலையிலிருந்து மேகம் வேறு இறங்கிக்கொண்டிருக்கிறது.

டக்ளஸ் தனசிங்கின் தங்கை யூனிஸின் கணவன். லாரி இரண்டு பேருக்கும் பொது. ஓட்டுவது தனசிங், பழுது பார்ப்பது டக்ளஸ். போன மாதம்தான் டக்ளஸ் பழைய டீசல் டேங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறொரு வண்டியின் பெரிய டேங்கை வாங்கிவந்து மாட்டினான். பைப்பும் புதிது. ஃபில்டரும் புதிது. தனசிங்குக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஓடற வண்டிய எதுக்கு மாப்ள குடையறீங்க?" என்று கடுகடுத்தார்.

"உள்ள பூராவும் துரு மச்சான். ஒரு நாளைக்கு பைக்காரா ஏத்தத்துல லோடோட நின்னுக்கும். அன்னைக்கு என்னையத்தான் திட்டுவீங்க."

வேலை முடிந்த நாளிலிருந்து வண்டி குதிரையாக ஓடியது. தனசிங் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். நேற்றுக் காலை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்த டக்ளஸ் எழுந்திருக்கவே இல்லை.

எஸ்டேட் ஃபேக்டரி மெக்கானிக் ஒச்சப்பன் ஸ்பேனரோடு வந்து பானெட்டுக்குள் குனிந்தார். ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடித்தார். டீசல் வரவில்லை, நுரைதான் பொங்கிவந்தது.

"காத்து இழுக்குதுங்க. டீசலு வர்ற வழியில எங்கியோ ஓட்டை."

பைப்பு இணைப்புகள் ஒவ்வொன்றையும் இறுக்கினார்கள். ஒன்றிலும் கசிவு இல்லை. மறுபடி பம்பு அடித்தார்கள், மறுபடி நுரை. தேயிலைக் குச்சி ஒன்றை ஒடித்து, டேங்கின் வாய் வழியாக விட்டுப் பார்த்தார் தனசிங். ஒரு சாண் உயரத்துக்கு நனைந்து வந்தது. டீசலும் இருக்கிறது. அப்புறம் என்னதான் கேடு?

ஒச்சப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். "டக்ளஸு தங்கமான மனுசனுங்க. ஆனா இந்த வேலையில கோட்டை உட்டுட்டாருங்க. எஸ்டேட்டு டிராக்டர் ரெடியா இருக்குது. அதுல ஏத்திக்கலாமுங்க."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எழவு வீட்டில் எந்தப் பேச்சு மெதுவாக நின்றிருக்கிறது? வாசல்வரைக்கும் போய்விட்டது. 'அவுரு கை வெச்ச வண்டி அவுரையே ஏத்த மாட்டேங்குதாமா' என்று யாரோ சொன்னது தனசிங்கின் காதிலேயே விழுந்தது. அதைவிடப் பெரிய கொடுமை, 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் மனசுக்குள்ளேயே ஒரு மூலை முணுமுணுத்ததுதான். சீ, இந்த நேரத்திலுமா இப்படி ஒரு புத்தி என்று தன்னையே வைதுகொண்டார்.

யூனிஸ் வெளியே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. டிராக்டர் விஷயத்தை அண்ணன் சொல்லச் சொல்லவே தலையை ஆட்டினாள்.

"வேண்டாமுங்ண்ணா. அவுரு கடைசியாப் பாத்த வேலை இது. இத இங்கியே உட்டுப்போட்டு டிராக்டர்ல கொண்டுபோனீங்கன்னா, டக்ளஸு வண்டியக் கெடுத்துட்டுச் செத்தான்னுதானுங்ண்ணா ஊரு பேசும். காலத்துக்கும் பேசும். எப்படியாவது கெளப்புங்க."

"கெளப்பறேன் சாமி. நீ உள்ள போ" என்றார் தனசிங். எப்படிக் கிளப்புவது என்று மட்டும் தெரியவில்லை.

தூறல் விழ ஆரம்பித்தது. அவர் டேங்குக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டேங்கின் மேல் விழுந்த தூறல் முன்பக்க மூலைக்கு ஓடி, அங்கே தேங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. பின்பக்கத்தில்தான் டக்ளஸ் மாட்டிய பைப்பு டேங்குக்குள் இறங்குகிறது. டீசல் ஊற்றுகிற வாய் இருப்பது முன்பக்கம். குச்சி விட்டுப் பார்த்ததும் முன்பக்கம்தான்.

அட கடவுளே!

மேலே என்ன நடக்கிறதோ அதுதான் உள்ளேயும் நடக்கிறது. வண்டி இறக்கத்தில் நிற்பதால், இருக்கிற டீசல் எல்லாம் முன்பக்கம் போய்க் கிடக்கிறது. பின்பக்கத்துப் பைப்பு அந்தரத்தில் நின்று வெறும் காற்றை உறிஞ்சுகிறது. டேங்க் நிறைய இருந்தவரைக்கும் இது தெரியவில்லை.

டக்ளஸ் சொல்லத்தான் சொன்னான். கடைசி நட்டை முறுக்கிக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்தபடியே சொன்னான். "மச்சான், இனிமே எறக்கத்துல மூக்க வெச்சு நிறுத்தாதீங்க. சமதரையாப் பாத்து நிறுத்துங்க."

மலையில் வண்டி ஓட்டுகிற எவனிடமாவது போய் அப்படிச் சொல்ல முடியுமா? இறக்கம் பார்த்து நிறுத்தினால்தான் பேட்டரி கைவிட்டாலும் உருட்டிக் கிளப்பலாம். கிளீனராக இருந்த காலத்தில் பிடித்த பழக்கம், தனசிங்குக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. "எனக்கே வண்டி நிறுத்தக் கத்துக் குடுக்கறீங்களா மாப்ள?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஏன், எதற்கு என்று கேட்டிருந்தால் அவன் விளக்கியிருப்பான்.

சட்டென்று எழுந்தார். "ஒச்சப்பண்ணே, வண்டியப் பின்னால தள்ளி சர்ச்சு முத்தத்துல ஏத்தோணுமுங்க."

விஷயத்தைக் கேட்டதும் ஒச்சப்பன் டேங்கை ஒரு பார்வை பார்த்தார். "உருட்டியே உட்டரலாமுன்னு சொல்ல வந்தேன். டீசலு ஏறாம அதுவும் கெளம்பாது. கீழ வளைவு வேற, பள்ளத்துலதான் போயி நிக்கோணும். டிராக்டர்ல கட்டி இழுத்தா இந்த ஈரத்துல சக்கரம் வழுக்கும், அதுலருந்து எடுக்கலாமுன்னா டீசலு மட்டமாத்தான் கெடக்குது. கூடலூரு போயி டீசலு வாங்கியாறதுக்கும் நேரமில்லைங்க. தள்ளலாம், வாங்க" என்று ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

எழவுக்கு வந்த ஆண்கள் அத்தனை பேரும் இறங்கிவந்தார்கள். பின்னால் கயிறு கட்டி ஒரு கூட்டம் இழுத்தது. முன்னால் தோள் கொடுத்து ஒரு கூட்டம் தள்ளியது. கொழுந்து பறிக்கும் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு கல்லோடு வந்தார்கள். வண்டி ஒவ்வோர் அடி ஏறியதும் சக்கரத்துக்கு முன்னால் கல்லைப் போட்டார்கள். கத்தலும் இல்லை, ஏலேலோவும் இல்லை. மூச்சு வாங்குகிற சத்தமும், சர்ச்சுக்குள்ளிருந்து வந்த பாட்டும்தான் கேட்டன. லாரி முற்றத்தில் ஏறிச் சமமாக நின்றபோது தனசிங்கின் சட்டை தொப்பலாகியிருந்தது. மழையா வியர்வையா, யார் கண்டது?

ஒச்சப்பன் கைப்பம்பை அடித்தார். நுரை வந்தது. குறைந்தது. அப்புறம் சுத்தமான டீசல் கம்பியாக இறங்கியது. திருகை இறுக்கிவிட்டுத் தலையை அசைத்தார். தனசிங் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அவர் கீழே குதித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார். "எங்க மாப்ள வேலையில ஒரு பழுதும் இல்லீங்க. அவரு சொன்னத நாந்தான் கேக்கல. நான் நிறுத்துனதுதான் தப்பு. போற எடத்துல இதையும் சேத்துச் சொல்லுங்க."

முதல் ஆளாகப் பெட்டிக்குக் கை கொடுக்கப் போனது ஒச்சப்பன்தான்.

கல்லறைத் தோட்டத்துக்கு மேல்பக்கமாக ஏறிப் போக வேண்டும். யூனிஸ் முன்னால், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதி ஏற்றத்தில் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, பழைய துணியில் சுற்றிய எதையோ எடுத்தாள். வளைத்துப் பதமாக வெட்டிய ஒரு புதுப் பைப்பு.

"இது எதுக்குன்னு எனக்கு இப்பத்தானுங்ண்ணா புரியுது. வர்ற ஞாயித்துக்கெழமை டேங்குக்கு நடுவுல மாத்தி வெக்கறேன்னாரு. நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மறுபடியும்னு கேட்டேன். 'உங்கண்ணன் பழக்கத்த மாத்தறதுக்கு இந்தப் பைப்ப மாத்தறது லேசு'ன்னு சிரிச்சாரு."

கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் தனசிங்குக்கு ரோடு மங்கலாகவே தெரிந்தது.

மேட்டின் உச்சியில் ரோடு கொஞ்ச தூரம் தட்டையாகக் கிடக்கும். அதைத் தாண்டினால் கல்லறைத் தோட்டத்துக் கேட்வரைக்கும் இறக்கம்தான். அவர் உச்சியிலேயே வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினார்.

பின்னாலிருந்து ஒச்சப்பன் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, கேட்டு வரைக்கும் போலாமே? மழையில அத்தன தூரம் தூக்கோணுமே."

"தூக்கலாமுங்க" என்றார் தனசிங்.

பின்பக்கம் போய்ப் பலகையை இறக்கினார். பெட்டியின் தலைமாட்டுக்குத் தோள் கொடுத்தபோது, அதன் பலகையோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

"சமதரையிலதான் நிறுத்தியிருக்கறேன், மாப்ள."