கறுவா வந்த காரணம்

சவம் சுமக்கும் சந்தூக்கின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கி ஹில்மி பத்து எட்டுத்தான் வைத்திருப்பான். பின்னாலிருந்து யாரோ அவனுடைய ஜுப்பாவைப் பிடித்து இழுத்தார்கள். தோள் மாற்ற ஆள் வந்துவிட்டது என்று நினைத்து, "பொறுங்க, முச்சந்திக்குப் போய் மாறுவம்" என்றான். இழுப்பு நிற்கவில்லை. கூடவே பிடரியில் சூடாக ஒரு மூச்சு விழுந்தது. மனிதனுடைய மூச்சில் புல் மணக்காது.

திரும்பிப் பார்க்க வழியில்லை; தேவையும் இல்லை. குதிரைக் கொட்டிலின் கொண்டி உடைந்து கிடந்ததும், மையித்தைக் குளிப்பாட்டி முடித்த அவசரத்தில் அந்தக் கதவை ஒற்றை முடிச்சில் கட்டிவிட்டு ஓடிவந்ததும், ஜுப்பாவின் வலது பையில் நாலு பேரீச்சம்பழம் கிடப்பதும் ஆலங்குடாவில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று ஹில்மி. மற்றது இப்போது அவன் பைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது.

கறுவா இரண்டரை வயதுக் குதிரைக் குட்டி. கறுவாப்பட்டை நிறம் என்பதால் அந்தப் பெயர். பெயரை வைத்தவர் சந்தூக்கில் படுத்திருந்தார். நூஹு மாமா, ஹில்மியின் மனைவி ஃபஹ்மியாவின் வாப்பா. எட்டு மாதமாக அந்தக் குட்டியைக் கண்காட்சிக்குப் பழக்கிக்கொண்டிருந்தவர்.

"சுபஹானல்லாஹ்!" என்றது பின்னால் ஒரு குரல்.

"வளத்தவரத் தேடி வந்திரிக்கி, பாருங்க. வாயில்லாச் சீவன்."

குதிரையின் சொந்தக்காரர் ஜபார் ஹாஜியார் தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். பள்ளிவாசல் மௌலவி கை உயர்த்தி, "ஆரும் வெரட்டாதீங்க. அதுவும் வரட்டும்" என்றார். ஒருவன் கைத்தொலைபேசியை எடுத்து வீடியோ பிடித்தான்.

"ஹில்மி நானாவப் பாருங்க. குலுங்கிக் குலுங்கி அழுறார்."

ஹில்மியின் தோள் குலுங்கியது உண்மை. விலா எலும்பில் குதிரை மூக்கை வைத்துத் தேய்த்தால் யாருக்கும் குலுங்கும். அதற்குள் உண்மையான அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது. எது எவ்வளவு என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு கையும் சந்தூக்கில் இருந்ததால் தடுக்கவும் முடியவில்லை. பையின் தையல் 'டர்' என்று விட்டது. கறுவா மெல்லும் சத்தம் எல்லாரும் ஓதிய கலிமாவுக்கு நடுவே அவன் காதுக்கு மட்டும் கேட்டது.

நாற்பத்தொரு வயதில் ஒரு மனிதன் மாமனாரின் ஜனாஸாவில் இப்படி மாட்டிக்கொள்வதென்றால் அதற்கும் ஒரு திறமை வேண்டும். அந்தத் திறமை தன்னிடம் தாராளமாக உண்டு என்று ஹில்மி எப்போதோ ஒப்புக்கொண்டவன்தான்.

நூஹு மாமா தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரு உரப்பையோடு வந்தவர். பிறகு கத்தாருக்குப் போய்ப் பதினேழு வருஷம் ஒரு பணக்காரரின் குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். அங்கே குதிரைகளுக்கு அழகுப் போட்டி நடக்கும். மேலே யாரும் ஏறுவதில்லை. கயிற்றைப் பிடித்துக் கூட்டிவந்து நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும். நாலு காலும் அதனதன் இடத்தில், கழுத்து நீண்டு, காது முன்னுக்கு. நடுவர் சுற்றி வரும் வரைக்கும் மூச்சைத் தவிர எதுவும் அசையக்கூடாது. சண்டை முடிந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு மாமா ஊர் திரும்பினார். கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கியபோது, சவாரிக்கென்று ஜபார் ஹாஜியார் மூன்று குட்டிகளை வாங்கிவிட்டார். அதில் ஒன்றின் தலையைப் பார்த்துவிட்டு மாமா சொன்னாராம்: "ஹாஜியார், இத சவாரிக்கு உடாதீங்க. ஏப்ரலுக்கு நுவரெலியாக் கண்காட்சிக்குக் கொண்டு போவம்."

புல்லும் தவிடும் ஏற்றி வருவது ஹில்மியின் முச்சக்கர வண்டி. குட்டியைக் கடலில் குளிப்பாட்டுவது, உப்புப் போக நல்ல தண்ணீர் ஊற்றுவது, குளம்பு துப்புரவாக்குவது எல்லாம் அவன் கை வேலை. மாமா விதித்தது ஒரே சட்டம். கையால் தீனி கொடுக்கக்கூடாது.

"கையால குடுத்தா அது ஆளப் பாக்காது மருமகன், பையத்தான் பாக்கும். நடுவர்ட பையத் தேடிக்கொண்டு போச்சிதெண்டா அண்டைக்கே நம்மட மானம் போச்சி."

ஹில்மி தலையாட்டினான். ஒரு கிழமை கட்டுப்பாடாகவும் இருந்தான். பிறகு ஒருநாள் வெயிலில் அரை மணித்தியாலம் நின்று பழகிவிட்டு வந்த குட்டி, வேலிக்கு மேலால் தலையை நீட்டி அவனைப் பார்த்தது. அந்தப் பார்வையைத் தாங்கக்கூடிய ஆள் ஹில்மி இல்லை. அன்றிலிருந்து தினமும் மாமாவுக்குத் தெரியாமல் இரண்டு பேரீச்சம்பழம்.

வியாழக்கிழமை காலையும் பையில் பழம் இருந்தது. மாமா தென்னந்தோட்டத்து மணலில் கறுவாவை நிறுத்திப் பழக்கிக்கொண்டிருந்தார். கடலிலிருந்து காற்று அடித்தது. ஹில்மி வேலியோரம் வந்து நின்றது காற்றுவாக்கில். அடுத்த கணம் குட்டி பாய்ந்தது. கயிறு விறைத்தது. அறுபத்தெட்டு வயது மனிதர் முழங்கை ஊன்றி மணலில் விழுந்தார்.

உடனே எழும்பிவிட்டார். சாரத்தைத் தட்டினார். கயிற்றை வேலியில் கட்டிவிட்டு வீட்டுப் பக்கம் போனார். "சின்னக் குட்டிதானே, துள்ளும்" என்று ஹில்மிதான் வேலியிடம் சொல்லிக்கொண்டு நின்றான்.

சனிக்கிழமை விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு, பாயிலேயே சாய்ந்தார். ஹில்மி தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். போகும்போதே முடிந்துவிட்டது.

பகல் குளிப்பாட்டும்போது தண்ணீர் வார்த்தவன் ஹில்மி. இடது முழங்கையில் ஒரு சிராய்ப்பு இருந்தது, இரண்டு நாள் பழையது, காய்ந்து கறுத்திருந்தது. அதன்மேல் தண்ணீர் ஓடியபோது அவன் கை நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றவர், "தண்ணிய ஊத்துங்க மகன், ஊத்துங்க" என்றார். வார்த்தான்.

காலையிலிருந்து அவன் ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். டொக்டரிடம் கேட்டான். "வயசு தானே" என்றார் டொக்டர். ஃபஹ்மியாவிடம், "வாப்பா முழங்கை நோகுதெண்டு ஏதும் சொன்னாரா?" என்று பேச்சுவாக்கில் கேட்டான். "அல்லாஹ்ட நாட்டம்" என்று சொல்லி அவள் அவன் தோளிலேயே அழுதாள். ஹாஜியாரிடம், "இந்தக் குதிரை வேல மாமாக்குக் கொஞ்சம் பாரம்தான், என்ன ஹாஜி?" என்றான். "எழுதினது எழுதினபடி நடக்கும்" என்றார் அவர். எல்லாமே சரியான பதில்கள்தான். ஆனால் அவன் கேள்வியே வேறு. அதை ஒரு முறைகூட வாய்திறந்து அவன் கேட்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

பள்ளிவாசலில் கறுவாவை வெளிவாசல் வேம்பில் கட்டினான். இந்த முறை இரட்டை முடிச்சு. தொழுகை முடிந்து மையவாடிக்கு நடந்தபோது, குதிரையும் வரவேண்டும் என்று ஊரே ஒற்றைக்காலில் நின்றது. கயிற்றைப் பிடிக்கத் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான். ஆக, மாமனாரைக் குழிக்குள் இறக்கும்போது மருமகன் வேலிக்கு வெளியே குதிரையோடு நின்றான்.

கறுவா பொறுமையில்லாமல் காலால் மணலைப் பறித்தது. கனைத்துக் கினைத்துத் தொலைக்குமோ என்ற பயத்தில், மிஞ்சியிருந்த ஒரே பழத்தைக் கிழிந்த பையிலிருந்து எடுத்து, கைக்குள் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். கொடுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தான்.

குட்டி அந்தப் பொத்திய கையையே பார்த்தது. பின்கால் ஒன்று தானாகப் பின்னுக்குப் போனது. கழுத்து நீண்டது. காது இரண்டும் முன்னுக்கு வந்தன. அப்படியே நின்றது. குழிக்குள் பலகை அடுக்கி முடியும் வரை ஒரு மயிர் அசையவில்லை. எட்டு மாதமாக மாமா கேட்டுக்கொண்டிருந்த நிலை அதுதான்.

ஜபார் ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "பாத்தீங்களா ஹில்மி? நூஹு நானா படிப்பிச்சது. கடைசி மரியாதை செய்யிது."

"ஓம், ஹாஜி" என்றான் ஹில்மி.

ஹாஜியார் கயிற்றை வாங்கிக்கொள்ள, அவன் ஓடிப்போய் மூன்று பிடி மண் போட்டான். பழம் பிசுபிசுத்த கை. மண் பாதி விழுந்தது, பாதி உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது.

மாலை அசர்த் தொழுகைக்குப் பிறகு வீட்டு முற்றம் நிறையக் கதிரை. அந்த வீடியோ அதற்குள் மூன்று ஊர் சுற்றி, கத்தாருக்கும் போயிருந்தது; அங்கே மாமாவோடு வேலை செய்த ஒருவர் அழைத்து அழுது முடித்திருந்தார். மௌலவி அடுத்த வெள்ளிக்கிழமை பயானில் இதைச் சொல்லப் போவதாகச் சொன்னார். வருகிறவர்கள் எல்லாம் ஹில்மியின் கையைப் பிடித்து, "குதிரைக்கே அவ்வளவு பாசமெண்டா..." என்று தொடங்கினார்கள். மௌத்து வீட்டில் பொய்யைத் திருத்தினாலும் பிழை, திருத்தாவிட்டாலும் பிழை. அவன் தேநீர்த் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

உள்ளறையில் மாமாவின் மனைவி ஆசியா உம்மா வெள்ளை உடுத்து, பாயில் உட்கார்ந்திருந்தார். புருஷன் மௌத்தாகி இத்தா இருக்கிறவரின் அறைக்குள் வெளி ஆண்கள் வரமுடியாது, மருமகனுக்குத் தடையில்லை. அழவந்த பெண்கள் மஃரிபுத் தொழுகைக்கு உளூச் செய்யக் கிணற்றடிக்குப் போயிருந்தார்கள்.

"மாமி, தேத்தண்ணி."

"வெய்ங்க மகன். நீங்க ஏதும் திண்டீங்களா?"

"கறுவா திண்டிச்சி" என்றான். பழக்கதோஷம். மாமி சிரிக்கவில்லை. அவனையே பார்த்தார். அவன் போக எழும்பினான். எழும்பியவன் கதவுவரை போய்த் திரும்பினான்.

"மாமி, வியாழக்கிழமை மாமா விழுந்தது என்னால. என்ட பையில ஈத்தம்பழம் இரிந்திச்சி. நான் களவாக் குடுத்துப் பழக்கினன். அந்த மணத்துக்குத்தான் குட்டி பாஞ்சிச்சி. இண்டைக்கு ரோட்டுல வந்ததும் அதுக்குத்தான், வேற ஒண்டுக்கும் இல்ல." கிழிந்த பையைப் பிடித்துக் காட்டினான். "அந்த விழுந்ததாலயா மாமி மாமா மௌத்தானார்?"

பகிடி சேர்க்காமல் அவன் கேட்ட முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கேட்டு முடித்ததும் தன் குரலே அவனுக்குப் பழக்கமில்லாமல் இருந்தது.

மாமி தஸ்பீஹ் மணியை மடியில் வைத்தார்.

"இல்ல" என்றார்.

அவன் கதவடியிலிருந்து கிட்ட வந்தான்.

"ஜனவரியில புத்தளத்துல காட்டினம். இருதயம் கால்வாசிதான் வேல செய்யிதெண்டு டொக்டர் சொன்னார். கொழும்புக்கு வரச் சொன்னார். இவர் ஏப்ரலுக்குப் பொறகு பாப்பம் எண்டுட்டார். ஒங்களுக்கும் மகளுக்கும் சொல்லக்கூடாதெண்டு என்ட தலையில கைய வச்சிச் சத்தியம் வாங்கினார். சொன்னா மருமகன் என்னக் கயித்தத் தொடவும் உடமாட்டான் எண்டார். நேத்து ராவே நெஞ்சு எரியிதெண்டவர். இதுல ஒங்கட ஈத்தம்பழத்துக்கு ஒரு வேலயும் இல்ல."

முற்றத்தில் யாரோ கதிரைகளை அடுக்கினார்கள். ஹில்மி நிலத்தில் உட்கார்ந்தான். காலையிலிருந்து உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"விழுந்துட்டு வந்து... ஏதும் சொன்னாரா?"

"சொன்னார். கோவத்துலதான் வந்தார்."

"ஏசினாரா?"

"ஓம், ஏசினார். குட்டிக்கு." மாமி கையை நீட்டி, சுவர் ஆணியில் தொங்கிய வியாழக்கிழமைச் சட்டையை எடுத்தார். "எட்டு மாசமாக் களவாப் பழம் தீத்தினவன் நான், என்ட பைய உட்டுட்டு அது ஹில்மிட பைக்கு ஓடுதே, ஆசியா, எண்டு ஏசினார். அண்டு முழுக்க அதே கதைதான். உடுப்புக் கழுவுறவளுக்குத் தெரியாதா மகன், இந்தப் பையில எத்தின கொட்டை கெடந்திரிக்கி எண்டு?"

சட்டைப் பைக்குள் விரலை விட்டு எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். மணல் இன்னும் ஒட்டியிருந்த அதே உள்ளங்கை.

"கொண்டு போய்க் குடுங்க. கதவ ஒழுங்காக் கட்டுங்க."

இரண்டு பேரீச்சம்பழம், பைநூல் படிந்து. ஒன்று முழுசாக இருந்தது. மற்றதில் பாதியில்லை. கடித்திருந்த தடம் மாமாவின் பல்லளவுக்குச் சின்னது. குதிரைப் பல் அல்ல.