விருந்தினர் தின்ற ஜாம்

எங்கள் ஊர் நகராட்சி, புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குப் பழைய பள்ளிக்கூடத்தில் இலவச அறை கொடுத்தது. அங்கே ஆப்ரிகாட் ஜாம் செய்யும் புரூல் என்ற பெண், நாளை தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள ஒரு கடைக்கு முதல் சரக்கை அனுப்ப வேண்டும். ஒரு பாட்டில் குறைந்தாலும் கடைக்காரன் எடுக்க மாட்டான். ஆனால் நகராட்சி அதிகாரி மெதெர் ஓயாமல் விருந்தினரைக் கூட்டிவந்து அறையைக் காட்டுவார். வந்தவர்களை ரொட்டியும் ஜாமும் வைக்காமல் அனுப்புவது எங்கள் பக்கம் கேவலம். இன்று வந்த கூட்டமும் வழித்துத் தின்றது.

"நகராட்சி இன்னும் என்ன செய்யணும், தங்கச்சி?" என்றார் மெதெர், விரலை நக்கிக்கொண்டே.

"உள்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்கண்ணே. மிச்சமாவது பிஷ்கெக் போய்ச் சேரட்டும்."

கூட்டம் சிரித்தது. மெதெர் சிரிக்கவில்லை.

மாலையில் அவரே வந்து தாழ்ப்பாள் பொருத்தினார். புரூல் வழக்கப்படி ரொட்டி வைத்து, ஜாம் பாட்டிலைத் திறக்கப் போனாள். அவர் அதை வாங்கி, பிஷ்கெக் போகும் பெட்டியில் வைத்துவிட்டு, வெறும் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றார். அந்தப் பாட்டிலோடுதான் கடைக்கு அனுப்ப வேண்டிய கணக்கு சரியானது.