வித்தோல்ட் வீட்டுக் கூரை

பதினோரு வருடம் போலந்துக்காகப் பனிச்சறுக்குத் தாவலில் பறந்த லெஷெக், இப்போது ஜாகோபானேயில் கூரை வேலை செய்கிறான். வித்தோல்ட் வீட்டின் பழைய தகரத்தை அன்று காலையில்தான் முழுக்கப் பிரித்துப் போட்டிருந்தான்.

"பாத்துப்பா. கடைசிப் போட்டி மாதிரி தொண்ணூறு மீட்டர்லயே விழுந்துடாத," என்று கீழேயிருந்து சிரித்தார் வித்தோல்ட்.

அந்தக் கரகரத்த குரலை லெஷெக் மறக்கவேயில்லை.

"அன்னிக்கு வேலியோரம் நின்னு 'வீட்டுக்குப் போடா தண்டம்'னு கத்துனது நீங்கதானே?"

"ஊரே கத்துச்சு. நான் டிக்கெட் வாங்கித்தான் கத்துனேன்."

லெஷெக் இறங்கிவந்து ஏணியை வண்டியில் ஏற்றினான். மலைமேல் பனிமேகம் கறுத்துத் திரண்டிருந்தது.

"எங்கடா போற? கூரை தொறந்து கெடக்கு."

"வீட்டுக்கு. நீங்க சொன்னதுதான். கொஞ்சம் லேட்டாயிடுச்சு."